மலையில் பெய்யும் மழையும் ஆற்றில் இறங்கும் படகும்

குற்றாலத்துக்குப் போய், அருவியில் தலை நனைக்காமலே திரும்பிய அனுபவம் திருநெல்வேலிச் சீமையில் பலருக்கும் உண்டு. தென்காசியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வழியெங்கும் ஒரு தூறலைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் பேரருவியின் பாதுகாப்பு வளைவையும் தாண்டித் தண்ணீர் கொட்டுவதால் குளிக்கத் தடை என்று சொல்லிக் காவலர்கள் எல்லோரையும் தள்ளி நிறுத்தியிருப்பார்கள். நம் தலைக்கு மேலுள்ள வானம் வேறு, அருவிக்கு மேலுள்ள மலையின் வானம் வேறு என்பதை நம்மூர்ப் பிள்ளைகள் இப்படித்தான் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். நுரைத்துப் பாயும் ஆற்றில் காற்றடைத்த படகில் போகும் ராஃப்டிங் பயணத்தை வானிலை எவ்வாறு பாதிக்கிறது என்ற கேள்விக்கு இந்தப் பாடமே முக்கால் பங்கு விடை. மீதிக் கால் பங்கையும் சேர்த்து, இதுவரை படகில் ஏறியிராதவர்களுக்காக எழுதுகிறேன்.

ராஃப்டிங் என்பது, தடித்த ரப்பர் துணியால் செய்து காற்று நிரப்பிய படகில் ஆறேழு பேர் அமர்ந்து, பின்னால் இருக்கும் வழிகாட்டி சொல்வதற்கேற்பத் துடுப்புப் போட்டபடி, பாறைகளுக்கிடையே சரிந்து இறங்கும் ஆற்றோடு போவது. அந்தப் படகுக்கு இயந்திரம் கிடையாது. துடுப்பு படகின் முகத்தைத் திருப்பவும் ஓரளவு முன்னும் பின்னும் நகர்த்தவும் பயன்படுமே தவிர, படகைக் கொண்டு செல்வது ஆறுதான். ஆகவே ஆற்றை மாற்றுகிற எதுவும் பயணத்தை மாற்றிவிடும். தாமிரபரணியின் மலைப்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே படகு விடுவதைப் பற்றி இக்கட்டுரை பேசவில்லை. நம் இளைஞர்கள் இதற்காக உத்தராகண்டின் ரிஷிகேசத்துக்கும் கர்நாடகத்தின் தண்டேலிக்கும் குடகுக்கும் போய் வருகிறார்கள். ஆனாலும் ஆற்றைப் படிப்பதற்கு நம் ஆறே நல்ல பள்ளிக்கூடம் என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

கனஅடி என்ற கணக்கு

பாபநாசம் அணைக்கு வினாடிக்கு இத்தனை கனஅடி நீர்வரத்து, மணிமுத்தாறு அணையிலிருந்து இத்தனை கனஅடி வெளியேற்றம் என்று மழைக்காலத்தில் நாளிதழ்களில் தினமும் படிக்கிறோம். ஓரடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள பெட்டியில் பிடிக்கும் தண்ணீர் ஒரு கனஅடி, ஏறத்தாழ 28.3 லிட்டர், அதாவது நம் வீட்டுக் குடத்தில் இரண்டு குடம். வினாடிக்கு 1,000 கனஅடி என்றால், ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 28 டன் தண்ணீர் நம்மைக் கடந்து போய்விடுகிறது என்று பொருள். உலகில் எந்த ஆற்றில் படகு விடுகிறவரும் காலையில் முதலில் விசாரிப்பது இந்த எண்ணைத்தான். சில நாடுகளில் கனஅடிக்குப் பதிலாகக் கனமீட்டரில் சொல்வார்கள், அவ்வளவே வேறுபாடு.

இந்த எண் ஏறும்போது ஆறு மூன்று வகையில் இடம் தேடுகிறது: அகலமாகிறது, ஆழமாகிறது, வேகமாகிறது. திருநெல்வேலியைத் தாண்டிய சமவெளியில் ஆற்றுக்கு விரிந்துகொள்ள இடமுண்டு. இருபுறமும் செங்குத்தான பாறை நிற்கும் மலையிடுக்கில் விரிய இடமில்லாததால் ஆழமும் வேகமும் மட்டுமே கூடுகின்றன. ராஃப்டிங் நடப்பது பெரும்பாலும் இத்தகைய இடுக்குகளில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது குறுக்கே நிற்கும் பொருளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. நேற்று முழங்கால் அளவு நீரில் உறுதியாக நின்ற ஒருவரை, இன்று அதே முழங்கால் அளவு நீர் புரட்டிப் போடுவதற்குக் காரணம் இதுதான். ஆற்றின் ஆழத்தைப் பார்த்துத் தைரியம் கொள்கிறவர்கள் அதன் வேகத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

மேலே பெய்தது எப்போது கீழே வரும்?

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலைச் சேரும் வரை தாமிரபரணி ஓடும் தொலைவு சுமார் 125 கிலோமீட்டர்தான். கங்கை ஓடுவது 2,500 கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு குறுகிய தொலைவுக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்கி வரும் ஆற்றில் வெள்ளம் நிதானமாக வருவதில்லை. மாஞ்சோலைக்கு மேலே ஊத்து, நாலுமுக்கு ஆகிய எஸ்டேட் பகுதிகளின் பெயர்கள் மழைப் பட்டியலின் முதல் வரிகளில் வருவதை நாம் அடிக்கடி பார்க்கிறோம். அங்கே இரவில் கொட்டும் மழைக்கு, அம்பாசமுத்திரத்துப் படித்துறையில் காலையில் பல் துலக்குகிறவர் ஒரு துளிகூட நனைந்திருக்க வேண்டியதில்லை. ஓர் ஆற்றுக்கு எந்தெந்தச் சரிவுகளிலிருந்து நீர் வந்து சேர்கிறதோ அந்த நிலம் முழுவதையும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். படகுப் பயணத்துக்கான வானிலை என்பது இந்த நீர்ப்பிடிப்புப் பகுதியின் வானிலை. அதுவும் இன்றைய வானிலை மட்டுமன்று, நேற்றையதும் முந்தாநாளையதும் சேர்ந்தது.

ஏன் முந்தாநாள் என்றால், மண்ணுக்கு ஒரு நினைவு உண்டு. பல வாரம் காய்ந்த காட்டில் பெய்யும் மிதமான மழையைச் சருகும் வேரும் மண்ணும் குடித்துவிடும். ஆறு கொஞ்சம்தான் அசையும். ஐப்பசியில் நாலைந்து நாள் விடாமல் பெய்து மண் நிறைந்த பிறகு, அதே அளவு மழை வந்தால் உறிஞ்ச இடமில்லாமல் ஏறக்குறைய முழுவதும் ஆற்றுக்கே வந்துவிடும். ஆனால் இந்தக் கணக்கை நம்பிக் கோடை மழையைக் குறைவாக எடைபோடக் கூடாது. பாறைச் சரிவில் குறுகிய நேரத்தில் ஊற்றித் தள்ளும் மழைக்கு மண் காய்ந்திருந்தாலும் நனைந்திருந்தாலும் ஒன்றுதான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் ஒரு பதினேழு வயதுப் பையனின் உயிரைக் கொண்டுபோனது. அது கோடை விடுமுறைக் காலம். குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி ஒதுங்கச் சில நிமிடங்களே இருந்தன. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது; இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய காரணங்களில் அதுவும் ஒன்று.

ஆறு ஏறப்போவதை ஆறே முன்கூட்டிச் சொல்லும். தெளிந்த நீர் கலங்கத் தொடங்கும். சருகும் சுள்ளியும் புதிய நுரையும் மிதந்து வரும். சலசலப்பாக இருந்த ஓசை கனத்து ஒரே இரைச்சலாகும். பாறையைப் பார்த்தும் அறியலாம். நீர்மட்டத்துக்கு மேலே பாறையில் ஈரப்பட்டை தெரிந்தால், அலையும் தெறிப்பும் படாத இடத்தில் அது ஆறு வடிவதற்கு அடையாளம். காய்ந்த பாறையை நீர் நேராகத் தொட்டு மூடிக்கொண்டே போனால் ஆறு ஏறுகிறது. சிறுவயதில் நாங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது, துணி துவைக்கும் ஆச்சி ஒருவர் தலை நிமிராமலே, “ஏலே, தண்ணி நெறம் மாறுது, எல்லாரும் கரையேறுங்க” என்பார். மேலே மழை பெய்கிறதா என்று அவருக்கு யாரும் தகவல் சொன்னதில்லை. நீரின் நிறம் சொன்னது போதுமானதாக இருந்தது.

திருநெல்வேலியில் ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் நமக்கு ஓர் அளவுகோல். தண்ணீர் கோயிலின் எந்த இடத்தைத் தொட்டிருக்கிறது என்று சொன்னாலே வெள்ளத்தின் அளவு ஊருக்குப் புரிந்துவிடும். வெள்ளம் வருமென்று தெரிந்தால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வது வழக்கம். ராஃப்டிங் வழிகாட்டிகளும் இப்படியே தங்கள் ஆற்றில் ஒரு பாறையையோ பாலத்தின் தூணையோ அடையாளமாக வைத்திருக்கிறார்கள். இந்தப் பாறை மூழ்கினால் இன்று படகு இறங்காது என்பது போன்ற வரம்பு அது. முதல் முறை போகிறவர் அந்த அடையாளம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஏறிய ஆறு, வற்றிய ஆறு

ஆற்றின் நுரைப்பகுதிகளை அவற்றின் கடினத்தைப் பொறுத்து ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று என்பது சிற்றலை ஓடும் நீர். மூன்று என்பது வழிகாட்டியோடு புதியவர்கள் போகத்தக்க, ஆனால் உடம்பு முழுவதும் நனைக்கிற அலை. ஐந்து என்பது நீண்ட பயிற்சி பெற்றவர்களுக்கானது. ஆறு என்பது உயிருக்கு உத்தரவாதமில்லாதது. பலரும் இந்தத் தரத்தை அந்த இடத்தின் நிலையான குணமாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு குறிப்பிட்ட நீரளவில் அந்த இடத்துக்குரிய தரம். மூன்றாம் தரம் என்று விளம்பரத்தில் படித்த இடம், இரண்டு நாள் மழைக்குப் பின் நான்காகவோ ஐந்தாகவோ மாறியிருக்கலாம்.

எப்படி மாறுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓடும் நீரில் ஒரு பெரிய பாறை தலைநீட்டிக்கொண்டிருந்தால், அதன் பின்புறத்தில் நீர் அமைதியாகி மெல்ல எதிர்த்திசையில் சுற்றும். படகுகள் ஒதுங்கி மூச்சு வாங்குவதும், தவறி விழுந்தவரைக் காத்திருந்து பிடிப்பதும் அந்த அமைதியான இடத்தில்தான். ஆறு ஏறிப் பாறை மூழ்கியதும் அந்த ஒதுங்குமிடம் காணாமல் போகிறது. அது மட்டுமன்று, பாறையின் மேல் ஏறி வழியும் நீர், பின்புறம் விழுந்து, அங்கிருந்து மடங்கி மீண்டும் பாறையை நோக்கியே சுருளத் தொடங்குகிறது. இதன் மிகக் கொடிய வடிவத்தை நம் ஆற்றிலேயே பார்க்கலாம். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. நீர் நிறைந்து வழியும் நாளில் இத்தகைய அணைக்கட்டின் அடியில் ஆற்றின் முழு அகலத்துக்கும் வெள்ளை நுரை உருண்டுகொண்டிருக்கும். அதில் அகப்பட்டவரை நீர் வெளியே விடாமல் அணைச்சுவரை நோக்கித் திரும்பத் திரும்ப இழுக்கும். நுரையில் காற்று கலந்திருப்பதால் அது உடம்பைத் தாங்குவதும் குறைவு. பார்க்க அழகாகவும் மட்டமாகவும் தெரிவதால்தான் அங்கே ஆள்கள் இறங்குகிறார்கள். தயவுசெய்து இறங்க வேண்டாம்.

வெள்ளம் கரையிலுள்ள மரங்களையும் பெயர்த்துக்கொண்டு வரும். பாறையிடுக்கில் குறுக்கே விழுந்து கிடக்கும் மரத்தின் கிளைகள் நீரை வடிகட்டியைப் போல விட்டுவிட்டு, மனிதரைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளம் வடிந்த பின் முதல் பயணத்துக்கு முன்பு அனுபவமுள்ளவர்கள் ஆற்றை நடந்தோ, வெறும் படகில் போயோ பார்த்துவிட்டு வருவது இதற்காகத்தான்.

நீர் வற்றினாலும் ஆறு பாதுகாப்பானதாகிவிடாது. அலை சிறிதாகும், ஆனால் மூழ்கியிருந்த பாறைகள் வெளியே வந்து படகு சிக்கும், விழுந்தவர் பாறையில் மோதுவார். எழுந்து நிற்கலாம் என்ற ஆசையும் வரும். ஓடும் நீரில் நிற்க முயலும்போது பாதம் இரு கற்களுக்கிடையே மாட்டிக்கொண்டால், நீர் முதுகைத் தள்ளி ஆளைக் குப்புறக் கவிழ்த்து அழுத்திவிடும். அதனால்தான் விழுந்தவர் மல்லாந்து, கால்களை நீட்டி, பாதம் நீரின் மேல் தெரியும்படி மிதக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பனியும் அணையும்

மழையால் மட்டுமே ஓடும் ஆறுகளின் பருவம் மழையைப் பின்தொடர்கிறது. தெற்குக் குடகின் பாரபோளே ஆற்றில் ராஃப்டிங் நடப்பது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான்; மற்ற மாதங்களில் படகு மிதக்க நீர் இருக்காது. ரிஷிகேசத்தில் இதற்கு நேர்மாறு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கங்கை பெருகிச் சேறாக ஓடுவதால் அங்கே ராஃப்டிங் நிறுத்தப்பட்டு, மழை ஓய்ந்து நீர் இறங்கிய பிறகே தொடங்குகிறது.

நமக்குப் பழக்கமில்லாத இன்னொன்று பனி. நம் ஆற்றில் வெயில் ஏறினால் நீர் குறையும். இமயத்தில் வெயில் ஏறினால் நீர் கூடும். பனி உருகி ஓடும் ஆறுகளில் காலையில் அடங்கியிருந்த நீர், பகல் முழுவதும் பனி உருகிய பிறகு மாலையில் உயர்கிறது; தொலைவில் உள்ள இடத்துக்கு அந்த உயர்வு வந்து சேர இரவாகிவிடலாம். மேகமே இல்லாத நாளில் ஆறு ஏறுவது முதலில் நம்ப முடியாததாக இருக்கும். லடாக்கின் ஜன்ஸ்கார் ஆற்றில் ராஃப்டிங் காலம் ஜூலையும் ஆகஸ்டும்; கங்கையில் படகுகள் கரையேறிக் கிடக்கும் அதே மாதங்கள். இமயமலைத் தொடர் மழைமேகங்களை மறித்துவிடுவதால் லடாக்குக்குப் பருவமழை அதிகம் எட்டுவதில்லை, பனி மட்டும் உருகி வருகிறது. கேரளத்தில் கொட்டும் ஆனி, ஆடி மழையில் சாரலும் காற்றும் மட்டுமே நம் பக்கம் வருகின்றனவே, அந்த மழை மறைவு போன்றதுதான் இதுவும்.

அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் வானிலையோடு மின்வாரியத்தின் அட்டவணையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் கோலாடில் குண்டலிகா ஆறும், தண்டேலியில் காளி ஆறும் இப்படிப்பட்டவை. மின்சாரம் எடுத்தபின் வெளிவிடும் நீரில் அங்கே படகு போகிறது. ஆகவே மழையில்லாத மாதத்திலும் நீர் கிடைக்கிறது. அதே காரணத்தால், நீல வானத்தின் கீழும் சில நிமிடங்களில் நீர்மட்டம் மாறலாம். பாபநாசத்தில் மின்உற்பத்திக்கும் கார், பிசானம் ஆகிய நெற்பருவங்களின் சாகுபடிக்கும் தண்ணீர் திறப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குளிர், காற்று, மின்னல்

தாமிரபரணியில் குளித்துப் பழகிய உடம்பு இமயத்து நீரை எதிர்பார்ப்பதில்லை. ரிஷிகேசத்தில் நான் முதல் முறை படகிலிருந்து நீரில் இறங்கியபோது, என்னையறியாமல் வாய் திறந்து மூச்சை இழுத்தேன். சில வினாடிகள் வழிகாட்டி கூப்பிட்டது காதில் விழவில்லை. அது அச்சம் என்று அன்று நினைத்தேன். உடம்பின் இயல்பான எதிர்வினை என்று பின்னர்தான் அறிந்தேன். மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் போகும். ஏறக்குறைய பத்து நிமிடத்தில் கைகால் விரல்கள் சொன்னபடி கேட்காது. உடம்பின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். குளிரால் விறைத்து இறப்பதற்கு வெகுநேரம் முன்பே நீந்த முடியாமல் மூழ்குவதுதான் நடக்கிறது. லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்கிக் கட்டச் சொல்வது இந்த முதல் பத்து நிமிடத்துக்காகவே. நீர், காற்றைக் காட்டிலும் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துவிடும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் நனைந்தால் காயாமல் உடம்போடு ஒட்டிக் குளிரை நீட்டிக்கும். விரைவில் உலரும் செயற்கை இழைத் துணியே இங்கு ஏற்றது.

காற்றைப் புதியவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. ராஃப்ட் நீருக்குள் அமிழாமல் மேலே மிதப்பது. பெரிய பந்தைப் போலக் காற்றுக்குப் பிடி கொடுக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைகள் நெருக்குவதால் காற்று விசைகொண்டு பாய்வதையும், அதை நம்பி அந்தப் பக்கம் காற்றாலைகள் நிற்பதையும் நாம் பார்க்கிறோம். ஆற்றுப் பள்ளத்தாக்கும் அத்தகைய குழாய்தான். பகலில் மலைச்சரிவு சூடேறியதும் காற்று பள்ளத்தாக்கில் மேல்நோக்கி, பெரும்பாலும் படகுக்கு எதிர்முகமாக வீசும். நுரை இல்லாத அமைதியான நீட்சிகளில் அப்போது துடுப்புப் போட்டும் படகு நகராது. காலைப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

இடிமின்னலின்போது ஆற்றின் நடுவே இருக்கக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிய வினாடிகளை மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ எத்தனை கிலோமீட்டர் தொலைவு என்று கிடைக்கும். முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் கரையேறி, கடைசி இடிக்குப் பின் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆற்றின் இரைச்சலில் இடி கேட்காமல் போகலாம் என்பதால் வானத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தின் கீழ் ஒதுங்குவது தவறு.

வெயில் படகையே மாற்றும் என்பது எனக்கு வியப்பைத் தந்த செய்தி. கரையில் வெயிலில் கிடந்த படகின் உள்ளே காற்று சூடேறி விரிந்து, படகு கல்லைப் போல விறைத்திருக்கும். குளிர்ந்த நீரில் இறங்கியதும் அந்தக் காற்று சுருங்கிப் படகு தொளதொளக்கும். தொளதொளத்த படகு அலையில் மடங்கும், பாறையில் சுற்றிக்கொள்ளும். அதனால் நல்ல வழிகாட்டி படகை நீரில் சற்று நேரம் விட்டுவைத்து, கையால் அழுத்திப் பார்த்து, மீண்டும் காற்றடித்த பிறகே ஆட்களை ஏற்றுவார்.

முன்னறிவிப்பைப் படித்தல்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கில், 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து கனமழை, 115.6 மில்லிமீட்டரிலிருந்து மிக கனமழை, 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது 95 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 950 மில்லிமீட்டர் என்பதை இதோடு ஒப்பிட்டால் அன்று நம் சீமை எதைத் தாங்கியது என்பது விளங்கும். ஆனால் எச்சரிக்கைகள் பெரும்பாலும் மாவட்டம் முழுவதற்குமாக வருகின்றன. நாலுமுக்கும் வறண்ட இராதாபுரமும் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன என்பதை நினைத்தால், படகு இறங்கும் ஊரின் முன்னறிவிப்பை மட்டும் பார்ப்பது ஏன் போதாது என்பது தெரியும். ஆறு எந்த மலையிலிருந்து வருகிறதோ அந்த மலையின் மூன்று நாள் மழையைப் பாருங்கள். பயணம் நடத்துகிறவரிடம், நேற்றைவிட இன்று நீர் ஏறியிருக்கிறதா, மேலே அணை உண்டா, எந்த அளவுக்கு மேல் படகு இறக்க மாட்டீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான எண்ணோ அடையாளமோ சொல்லாதவரோடு நான் போக மாட்டேன். பணத்தைத் திருப்பித் தந்து பயணத்தை நிறுத்துகிறவரை நம்பி அடுத்த மாதமும் போகலாம்.

வழியில் மணல்திட்டில் சாப்பிட நிறுத்துவார்கள். இறங்கியதும், நீர் மணலைத் தொடும் விளிம்பில் ஒரு சுள்ளியை நட்டுவைத்துவிட்டு உட்காருங்கள். சாப்பிட்டு எழும்போது சுள்ளியைச் சுற்றித் தண்ணீர் நின்றால், இலையை மடிக்கும் முன்பே வழிகாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.